மீட்சிக் கால நகைச்சுவை நாடகங்களில் பெண்ணுரிமையும் திருமணமும்

இங்கிலாந்தில் 1660-ஆம் ஆண்டு இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும் முடியாட்சி மீண்டது. அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட நகைச்சுவை நாடகங்கள் மீட்சிக் கால நகைச்சுவை நாடகங்கள் எனப்படுகின்றன. திருமணத்துக்குப் பின் ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக என்ன மிஞ்சும் என்ற கேள்வி இவற்றுள் பலவற்றின் அடியில் ஓடுகிறது.

மேடையில் பெண்கள்

1642-இல் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. அதற்கு முன் இலண்டன் அரங்குகளில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றனர். 1660-இல் அரங்குகள் மீண்டும் திறந்தபோது பெண்கள் தொழில்முறை நடிகைகளாக மேடை ஏறினர். எலிசபெத் பேரி, ஆன் பிரேஸ்கர்டில் ஆகியோர் அவர்களுள் புகழ்பெற்றவர்கள். ஆண்களோடு சரிக்குச் சரி வாதாடும் நாயகிகளை எழுத இது வழிசெய்தது.

சட்டத்தின் நிலை

அக்காலப் பொதுச் சட்டப்படி, மணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட உரிமை இல்லை. அவளுடைய பணமும் அசையும் பொருள்களும் கணவனுக்குச் சொந்தமாயின. நிலத்தின் வருவாயையும் அவனே நிருவகித்தான். திருச்சபை நீதிமன்றம் கணவன் மனைவியைப் பிரிந்து வாழ அனுமதிக்கலாம். ஆனால் மறுமணம் செய்ய முடியாது. மணமுறிவு பெற்று மறுமணம் செய்ய நாடாளுமன்றத்தின் தனிச் சட்டம் தேவைப்பட்டது. மணத்துக்கு முன்பே சொத்தை வேறொருவர் பொறுப்பில் எழுதி வைப்பதே செல்வப் பெண்களுக்கு இருந்த முக்கியப் பாதுகாப்பு.

நாடகங்கள் காட்டுவது

வில்லியம் விச்சர்லியின் 'நாட்டுப்புற மனைவி' (1675) நாடகத்தில் பிஞ்ச்வைஃப் தன் இளம் மனைவி மார்ஜரியைப் பூட்டி வைக்கிறான். அவளை விரும்பும் ஹார்னரைக் கண்டித்துக் கடிதம் எழுத அவளை வற்புறுத்துகிறான். அவளோ அதை மாற்றிக் காதல் கடிதத்தை வைத்துவிடுகிறாள். கணவனே அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஆனால் நாடக முடிவில் அவள் அதே கணவனிடமே திரும்ப வேண்டியிருக்கிறது.

அஃப்ரா பென் எழுதிய 'நாடோடி' (1677) நேப்பிள்சு நகரில் நிகழ்கிறது. குடும்பத்தார் ஃப்ளோரிண்டாவுக்குப் பிடிக்காத மணமகனையும், அவள் தங்கை ஹெலனாவுக்குக் கன்னிமடத்தையும் முடிவு செய்கின்றனர். இருவரும் திருவிழாக் கூட்டத்தில் முகமூடி அணிந்து தங்கள் துணையைத் தாமே தேடுகின்றனர். பணத்துக்காக மணம் புரியும் ஆண்களும் தன்னைப் போல் விலை பேசுபவர்கள்தாமே என்று ஏஞ்செலிக்கா என்னும் கணிகை கேட்கிறாள்.

வில்லியம் காங்கிரீவின் 'உலக நடைமுறை' (1700) இக்கேள்வியை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. நாயகி மில்லமென்ட், மிராபெலை மணக்க நிபந்தனைகள் விதிக்கிறாள். விருப்பப்படி கடிதம் எழுதவும் பெறவும், விரும்பியவர்களைச் சந்திக்கவும், தனியே உணவருந்தவும் அவளுக்கு உரிமை வேண்டும். அவள் அறைக்குள் வருமுன் கதவைத் தட்ட வேண்டும். மிராபெலும் தன் நிபந்தனைகளைச் சொல்ல, உடன்பாடு ஏற்படுகிறது.

இந்த உடன்பாடு வாய்மொழியானது. மிராபெல் பின்னர் மீறினால் எந்த நீதிமன்றமும் மில்லமென்டுக்குத் துணை நிற்காது. இதற்கு மறுபக்கமாக அதே நாடகத்தில் திருமதி ஃபெய்னல் வருகிறாள். விதவையாக இருந்தபோதே தன் சொத்தை மிராபெலின் பொறுப்பில் பத்திரமாக எழுதி வைத்திருந்தாள். அவள் சொத்தைப் பறிக்கக் கணவன் முயலும்போது அந்தப் பழைய பத்திரமே அவளைக் காக்கிறது.

ஜார்ஜ் ஃபார்க்கரின் 'இளைஞர்களின் சூழ்ச்சி' (1707) நாடகத்தில் திருமதி சல்லனும் அவள் கணவனும் மனமொத்துப் பிரிகின்றனர். மேடையில் நடந்த இப்பிரிவுக்கு அன்றைய சட்டத்தில் இடமில்லை.

எதிர்ப்பும் மதிப்பீடும்

1698-இல் ஜெரமி கோலியர் என்னும் மதகுரு, இந்நாடகங்கள் ஒழுக்கக் கேட்டை வளர்ப்பதாகக் கண்டித்து நூல் எழுதினார். 1700-இல் மேரி ஆஸ்டெல் திருமணத்தில் பெண்களின் நிலையைக் கட்டுரையாக விவாதித்தார்.

இந்நாடகங்களின் நாயகிகள் பெரும்பாலும் செல்வக் குடும்பத்துப் பெண்கள். வேலைக்காரப் பெண்களின் விருப்பம் அரிதாகவே பேசப்பட்டது. ஆயினும் மேடையில் எழுந்த கேள்விகள் வெறும் வேடிக்கையல்ல. மணமுறிவு வழக்குகளுக்கான நீதிமன்றம் 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் முழுமையான உரிமை 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. மில்லமென்ட் மேடையில் நிபந்தனை பேசி அப்போது 182 ஆண்டுகள் கடந்திருந்தன.