முருகனின் இரு பறவைகளும் துரைமாரின் தூண்டிலும்

மாத்தளையில் எங்கள் வீட்டில் பழைய சிகரெட் பேணி ஒன்று இருக்கிறது. அதனுள் ஒன்பது தூண்டில் முட்கள். ஒவ்வொரு முள்ளின் மீதும் நூல் சுற்றி, மயில் இறகின் இழையும் சேவல் இறகும் கட்டப்பட்டுள்ளன. தெரியாதவர்கள் பார்த்தால் செத்த பூச்சிகள் என்றே எண்ணுவர். மீனும் அவ்வாறே எண்ண வேண்டும் என்பதுதான் அவற்றைக் கட்டியவரின் நோக்கம்.

கட்டியவர் என் பெரியப்பா. றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அப்புவாக இருந்தவர். சமையல்தான் அவருடைய வேலை. ஆனால் 1950களில் அந்தத் துரையின் தூண்டில் ஈக்கள் பழுதடைந்தபோது, அவற்றைப் பிரித்துப் பார்த்து மீண்டும் கட்டக் கற்றுக்கொண்டார். துரைமார் அதனை ‘ஃப்ளை’ என்றனர். பெரியப்பாவுக்கு அது ‘துரைப்பூச்சி’.

இந்தத் துரைப்பூச்சி எதற்காக இலங்கைக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயத் தோட்டக்காரர்களுக்குத் தம் ஊர் ஆறுகளின் ட்ரவுட் மீன் இல்லாத வாழ்க்கை வாழ்க்கையாகத் தெரியவில்லை. 1880களில் அதன் முட்டைகளைப் பனிக்கட்டியில் பொதிந்து கப்பலேற்றி, நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் விட்டனர். 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. மாத்தளை நகரம் ட்ரவுட்டுக்கு வெப்பமானது. ஆகவே அந்த மீனைத் தேடும் துரைமார் விடுமுறையில் நுவரெலியாவுக்கோ ஹோட்டன் சமவெளிக்கோ சென்றனர்.

அதே காலத்தில் மாத்தளைக்கு வேறொரு வருகையும் நடந்துகொண்டிருந்தது. தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர், காடும் காய்ச்சலும் வாந்திபேதியும் நிறைந்த 200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வடக்குப் பாதையில் தம்புள்ளை வழியாக நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கில்லை. அப்பாதை 1899இல்தான் மூடப்பட்டது. மீன் முட்டைக்குப் பனிக்கட்டி கிடைத்த காலத்தில் மனிதருக்கு நிழல்கூட வாய்க்கவில்லை என்பதை எழுதும்போது, பத்திரிகையாளனுக்குரிய நிதானத்தை நான் சற்று இழக்கிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி இறகுகளுக்கு வருவோம். முள்ளில் இறகு கட்டி மீனை ஏமாற்றும் வித்தை ஆங்கிலேயர் கண்டதன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மக்கெதோனியர் செந்நிறக் கம்பளி நூலை முள்ளில் சுற்றி இரு சேவல் இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததைக் குறித்து வைத்திருக்கிறார். சேவலின் கழுத்திறகே இதற்கு ஏற்றது. அதன் இழைகள் விறைப்பானவை. நீரை எளிதில் உறிஞ்சா. பூச்சியின் கால்களைப் போல் விரிந்து நின்று முள்ளை நீர்மேல் மிதக்க வைக்கும். பெட்டைக்கோழியின் இறகு மென்மையானது, நனைந்து அமிழ்ந்துவிடும்.

விக்டோரியா காலத்தில் இந்த எளிய வித்தை ஓர் ஆடம்பரமாக வளர்ந்தது. ஜோர்ஜ் கெல்சன் என்பவர் 1895இல் சால்மன் மீனுக்கான ஈக்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அக்கால ஈக்களில் பலவற்றின் கன்னத்தில், மஞ்சள் மெழுகு பூசியது போன்ற பளபளப்பான புள்ளியுடைய சிறு இறகொன்று கட்டப்பட்டிருக்கும். மீன் அதனைக் கண்ணென்று நம்புமாம். அந்த இறகு தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கழுத்திலிருந்து போனது. ஈயின் உடலில் பச்சையும் வெண்கலமுமாய் மின்ன வேண்டிய இடத்தில் சுற்றப்பட்டது மயில் இறகின் இழை.

சூரன் இரு கூறாகி மயிலும் சேவலுமாய் மாறிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முருகனின் வாகனமும் கொடியும் சேர்ந்தே ஸ்கொட்லாந்து ஆறுகளில் மீன் பிடித்தன என்பதை நான் நாற்பது வயதுக்குப் பின்னர்தான் அறிந்தேன். அந்த ஈக்கள் பலவற்றுக்குப் பிரபுக்களின் பெயரும் இளவரசிகளின் பெயரும் இருக்கின்றன. நம் காடுகளில் பறவையைப் பிடித்துத் தோலுரித்தவனின் பெயர் எங்கும் இல்லை.

வளர்ப்புப் பறவைகள் அல்லாதவற்றின் இறகு ஏற்றுமதியை இந்திய அரசு 1902இல் தடைசெய்தது. பிரித்தானியா 1921இல் இறகு இறக்குமதிக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. இன்று ஐரோப்பாவில் இதே காட்டுக்கோழியைப் பண்ணைகளில் வளர்த்து இறகெடுக்கிறார்கள்.

இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி வேறு இனம். நக்கிள்ஸ் மலைக்காடுகளில் அதன் கூவலைக் கேட்கலாம். கழுத்து பொன்னிறம், ஆனால் அந்த மெழுகுக் கண் அதற்கு இல்லை. பெரியப்பாவின் சிக்கல் இதுதான். துரை வைத்திருந்த ஈக்களில் கண் இருந்தது. இங்கு கிடைத்த இறகில் இல்லை. அவர் மஞ்சள் சாயத்தை வார்னிஷில் குழைத்து, ஈர்க்கு நுனியால் புள்ளி வைத்தார். பேணியில் உள்ள மூன்று முட்களில் அந்தப் புள்ளி இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

முள்ளைப் பிடிக்க அவரிடம் இடுக்கி இல்லை. இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் முள்ளை இறுக்கிக்கொள்வார். தையல் நூலைத் தேன்மெழுகில் இழுத்து, முள்ளின் தலையிலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றுவார். தம்புள்ளைப் பக்கம் உதிர்ந்து கிடந்த மயில் இறகின் இழைகளை முறுக்கி உடலாகச் சுற்றுவார். பின்னர் வீட்டுச் சேவலின் கழுத்திறகொன்றை அடியில் கட்டி, இழைகள் நிமிர்ந்து நிற்கும்படி மூன்று சுற்று. முடிச்சு. ஒரு துளி வார்னிஷ். மூச்சுப் பட்டால் இழை கலையும் என்று எங்களைத் தள்ளி உட்காரச் சொல்வார்.

துரை ஊர் திரும்பிய பின்னரும் அவர் கட்டுவதை விடவில்லை. சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் ட்ரவுட் இல்லை. கெண்டை இனங்கள் உண்டு, பெரிய செதிள்களையுடைய மகசீரும் உண்டு. இல்லுக்கும்புர ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத கெண்டையொன்று இருப்பதை 1991இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பெரியப்பா அதனை அறியாமலே பிடித்துக் குழம்பு வைத்திருக்கவும் கூடும்.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. பெரியப்பாவின் முறை 1982இல் வந்தது. அப்போது நான் பாடசாலைச் சிறுவன். தலைமன்னார் வழியாகக் கப்பலேறினார். அவருடைய தாத்தா நடந்து வந்த திசைக்கே ரயிலில் திரும்பினார் என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறது. பேணியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போய்ச் சேர்ந்தது நீலகிரி. அங்கும் ட்ரவுட் இருந்தது. 1860களில் பிரான்சிஸ் டே முயன்று தோற்ற பின்னர், எச். சி. வில்சன் என்ற அதிகாரி அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அங்கு விடப்பட்ட வானவில் ட்ரவுட்டின் ஒரு பகுதி இலங்கையிலிருந்து போனது. தாயகம் திரும்பியோர் என்று பெயரிடப்பட்டு எங்கள் மக்கள் அங்கு இறங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, இலங்கை மீன் அங்கு குடியேறியிருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலை, குளிர், அரிசி விலை எல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் நான்கு வரிகள் எனக்கு. துரை சொன்ன கண் உள்ள சேவலைத் தேயிலை ஓரத்தில் பார்த்ததாகவும், அதைப் பிடிக்கச் சட்டம் விடாது என்றும், கீழே கிடந்ததை மட்டும் எடுத்ததாகவும் எழுதியிருந்தார். கடித மடிப்பில் ஒரு சிறு இறகு இருந்தது.

அதுவும் அந்தப் பேணியில்தான் இருக்கிறது. எந்த முள்ளிலும் கட்டவில்லை.