லினக்ஸ் மெய்நிகராக்கமும் பினாங்குச் சில்லுகளும்

ஒரே கணினிக்குள் பல கணினிகளைத் தனித்தனியே இயங்க வைப்பது மெய்நிகராக்கம். ஒருவகைச் செயலிக்கு எழுதிய நிரலை வேறுவகைச் செயலியில் ஓட்டுவது எமுலேட்டர். லினக்ஸில் இவற்றின் வரலாற்றை கெவின் லாட்டனின் பாக்ஸ் (1994), ஃபப்ரீஸ் பெல்லார்டின் கியூஎம்யு (2003), கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த சென் (2003), ஆவி கிவிட்டியின் கேவிஎம் (2006) என நிரல்களின் வரிசையாகவே சொல்வது வழக்கம். வரிசையில் பிழையில்லை. ஆனால் திருப்பம் நிகழ்ந்தது நிரலில் அன்று, சில்லில். அந்தச் சில்லுகள் உருப்பெற்ற இடங்களுள் மலேசியாவின் பினாங்கும் ஒன்று என்பதால், அதற்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு.

பழைய இன்டெல் செயலிகளில் ‘பாப்எஃப்’ என்றொரு கட்டளை உண்டு. இயங்குதளம் குறுக்கீடுகளை நிறுத்தவும் தொடங்கவும் இது பயன்படும். மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் விருந்தினர் இயங்குதளம் குறைந்த அதிகாரத்தில் ஓடும்போது இதைக் கொடுத்தால், செயலி பிழை என்று சொல்லாது; குறுக்கீடு பற்றிய பகுதியை மட்டும் சத்தமின்றி விட்டுவிடும். மேலே நின்று கண்காணிக்கும் மென்பொருளுக்கு எதுவும் தெரியாது. பென்டியத்தில் இப்படி 17 கட்டளைகள் இருப்பதை 2000இல் ராபினும் இர்வினும் எடுத்துக்காட்டினர். இந்த ஓட்டையை அடைக்க விஎம்வேர் என்ற மென்பொருள் கட்டளைகளை ஓட்டத்திலேயே மாற்றி எழுதியது. சென் விருந்தினர் இயங்குதளத்தின் கருவான கெர்னலையே திருத்தச் சொன்னது. வன்பொருள் உதவியின்றியே சென் வேகமாக ஓடியதே என்று கேட்கலாம். ஓடியது உண்மைதான், ஆனால் மூலநிரல் பொதுவில் கிடைக்காத விண்டோஸை யார் திருத்துவது? 2005 நவம்பரில் இன்டெல், மெய்நிகராக்கத்துக்குச் சில்லிலேயே உதவும் விடி-எக்ஸ் வசதியுள்ள செயலிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே வந்த சென் 3.0 திருத்தாத இயங்குதளங்களை ஏற்றது. 2006 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கேவிஎம், 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20இல் சேர்ந்துவிட்டது. கடினமான வேலையைச் சில்லு ஏற்றுக்கொண்டதால்தான் இந்த வேகம். ஆர்ம் செயலிகளிலும் இதே முறைதான்: கார்டெக்ஸ்-ஏ15 வன்பொருள் வசதியைத் தந்த பிறகே, 2013இல், லினக்ஸ் 3.9 அதற்குக் கேவிஎம் ஆதரவைச் சேர்த்தது. எமுலேட்டர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்நியச் செயலியின் கட்டளைகளை மொழிபெயர்த்து ஓட்டும் கியூஎம்யுவின் பெருமை முழுக்க நிரலுக்கே உரியது. வட்டையும் வலையட்டையையும் பாவித்துக் காட்ட கேவிஎம்கூட அதையே சார்ந்திருந்தது.

இனி அந்தச் சில்லுகள் உருப்பெற்ற பினாங்குக்கு வருவோம். அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே பாயான் லெப்பாஸில், முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972இல் தடையற்ற வணிக வலயம் உருவானது. இன்டெல்லும் ஏஎம்டியும் அங்கு முதலில் வந்த நிறுவனங்களுள் அடங்கும். பென்டியம் 4 காலத்துச் செயலிகள் பலவற்றின் உலோக மூடியில் ஆங்கில எழுத்தில் ‘மலாய்’ என்று பொறித்திருக்கும். அது பினாங்கையோ கெடாவிலுள்ள கூலிமையோ குறிக்கும். விடி-எக்ஸைப் பினாங்கு வடிவமைக்கவில்லையே, பொதி கட்டியதுதானே என்பது வலுவான மறுப்பு. வடிவமைப்பு அங்கு நடக்கவில்லை என்பது சரி. ஆனால் சிலிக்கான் துண்டைப் பொதியில் பொருத்தி, சூட்டிலும் மின்னழுத்தத்திலும் வாட்டி, சோதித்துத் தேர்ந்தெடுப்பது வெறும் பொட்டலம் கட்டுவது அன்று. தாளில் உள்ள கட்டளை கைக்கு வரும் சில்லில் வேலை செய்யும் என்ற உறுதி அங்கேதான் கிடைக்கிறது. கேவிஎம் நம்பி நின்றது அந்த உறுதியைத்தான். இன்டெல்லின் விடி-எக்ஸும், 2006இல் வந்த ஏஎம்டி-வியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத கட்டளைத் தொகுதிகள். ஒரே தொழிற்பேட்டையில் ஆலை வைத்திருந்த அவ்விரு போட்டியாளர்களின் செயலிகளுக்கும் தனித்தனிக் கூறுகளை எழுதி, பயனருக்கு ஒரே இடைமுகமாகத் தந்தது திறமூல லினக்ஸ் கெர்னல்.