பத்துமலைக் குகைக்குள்ள போனா மனசு ஏன் அடங்குது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிட்டு, நிதானமா உட்கார்ந்து படிங்க.

போன தைப்பூசத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். எங்கள் குழு வழக்கம்போல் தண்ணீர் கொடுக்கிற வேலையிலும், கூட்டம் தேங்காமல் பார்த்துக்கொள்கிற வேலையிலும் இருந்தது. மேல் குகையில் பாறைச் சுவரை ஒட்டி ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வயசு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கையில் அர்ச்சனைத் தட்டு இல்லை, கைப்பேசி இல்லை. தலையைத் தூக்கி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பையன் ஒருவன் மூன்று தடவை சொல்லிவிட்டான். "அம்மா, நகருங்கம்மா, வழி விடுங்க." மூன்றாவது தடவைதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் தம்பி. ரொம்ப நாள் கழிச்சு இன்னைக்குத்தான் தலைக்குள்ள இருந்த சத்தம் நின்னிருக்கு."

பையனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்திலேயே நின்று, வருகிற கூட்டத்தைக் கையைக் காட்டி அந்தப் பக்கம் திருப்பி விட்டான். இறங்கும்போது அந்த அம்மாவே சொன்னார். பெருந்தொற்று சமயத்தில் கணவர் மருத்துவமனையில் தவறிவிட்டார். கடைசியாக முகம் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து செய்ய வேண்டியதைச் செய்யவும் முடியவில்லை.

அன்றிரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். நாம தண்ணி கொடுக்கிறோம், வரிசை பார்க்கிறோம், குப்பை அள்ளுகிறோம். ஆனா ஜனங்க எதுக்காக இவ்வளவு தூரம் ஏறி வர்றாங்கன்னு நாம யோசிச்சிருக்கோமா? அதற்கப்புறம்தான் பத்துமலையின் பழைய கதையைக் கொஞ்சம் தேடிப் படித்தோம், எங்கள் பெரியவர்களிடமும் கேட்டோம்.

முதலில் மலை. பத்துமலை சுண்ணாம்புப் பாறை. வயசு சுமார் 40 கோடி ஆண்டுகள். ஒரு காலத்தில் இது கடலுக்கு அடியில் இருந்தது. கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உண்டான கல்லை, மழைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குடைந்ததுதான் நாம் நிற்கிற குகை. பெரிய குகையின் கூரை ஏறக்குறைய 100 மீட்டர் உயரம். அதில் ஒரு பக்கம் திறந்து வானம் தெரியும். காலையில் வெயில் அந்த வழியாக இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தைப் பார்த்து வாயடைத்துப் போனவர்கள் நாம் மட்டும் இல்லை. தெமுவான் பூர்வகுடி மக்கள் நமக்கு வெகு காலம் முன்பே இந்தக் குகைகளில் ஒதுங்கித் தங்கியிருக்கிறார்கள். 1860களில் சீனக் குடியேறிகள் காய்கறித் தோட்டத்துக்கு எருவாக வௌவால் எச்சத்தை இங்கிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள். 1878இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே வந்து பார்த்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. வெள்ளைக்காரர்கள் நம் கோயில் குகைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? கதீட்ரல் குகை. அதாவது பேராலயக் குகை. அவர்களும் அண்ணாந்து பார்த்தபோது அவர்களுக்கு ஞாபகம் வந்தது அவர்கள் கோயில்தான்.

நம்மவர்களுக்கு ஞாபகம் வந்தது வேல். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய கே. தம்புசாமிப் பிள்ளை, குகை வாசலின் வேல் போன்ற வடிவத்தைப் பார்த்துத்தான் இங்கே முருகனுக்கு ஒரு சன்னதி வேண்டும் என்று நினைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர், ஈயச் சுரங்கத் தொழிலில் பெரிய ஆளாக இருந்தவர். 1891இல் குகையில் முருகன் எழுந்தருளினார், 1892 முதல் இங்கே தைப்பூசம் நடக்கிறது என்று கோயில் வரலாறு சொல்கிறது. பிள்ளை அவர்கள் 1902இல் காலமானார். மேலே போக மரப்படிகள் வந்ததே 1920இல்தான். அதற்கு முன்னால் வந்தவர்கள் வேரையும் கல்லையும் பிடித்துத்தான் ஏறியிருக்க வேண்டும். இன்றைக்கு நாம் 272 கான்கிரீட் படிகளை எண்ணிக்கொண்டு, "அப்பாடா, கால் வலிக்குது" என்கிறோம்.

42.7 மீட்டர் முருகன் சிலை 2006இல் வந்ததும், 2018இல் படிகளுக்கு வர்ணம் அடித்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை விட்டுவிட்டு, அந்தப் பழைய காலத்தில் ஏறி வந்தவர்கள் யார் என்று பார்ப்போம்.

பெரும்பாலும் தோட்டத்து ஜனங்கள். விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். பால் வெட்டு, கங்காணியின் அதட்டல், துரையின் கணக்கு. சாயங்காலம் திரும்பினால் லயத்து வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பலகைதான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அழுதாலும் கேட்கும்.

எங்கள் குழுவில் மூத்த அம்மா ஒருவர் இருக்கிறார். அவருடைய பாட்டியின் கணவரை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படிப் போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். மலேரியாவும் காலராவும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன. தாத்தா திரும்பவில்லை. செத்தார் என்று ஒரு கடிதமும் இல்லை, இருக்கிறார் என்று ஒரு சேதியும் இல்லை. எந்த நாளில் திதி கொடுப்பது? பொட்டை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? பாட்டி பல வருஷம் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாராம்.

போர் முடிந்து ஒரு தைப்பூசத்தில் பாட்டி பத்துமலை ஏறினார். குகைக்குள் நின்று மேலே பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உறுமி மேளமும் "வேல் வேல்" கோஷமும் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டன. இறங்கி வந்தவர் பிள்ளைகளிடம் ஒன்றுதான் சொன்னாராம். "லயத்துல அழ எடமில்ல. அங்க இருக்கு."

இந்த ஒரு வரியைக் கேட்ட பிறகு எங்களுக்கு அந்தக் குகை வேறு மாதிரி தெரிகிறது.

இதையே இன்றைக்குப் படித்தவர்கள் வேறு பாஷையில் சொல்கிறார்கள். 2003இல் டாக்கர் கெல்ட்னர், ஜொனதன் ஹைட் என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள் வியப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நம்மைவிட மிகப் பெரிய ஒன்றின் முன்னால் நிற்கிறோம். மனசில் வைத்திருக்கிற பழைய அளவுகோல் அதற்குப் போதவில்லை. மனசு தன்னையே விரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுருக்கமாக அவர்கள் சொன்னது இதுதான். அதற்கப்புறம் வந்த ஆய்வுகள், அந்த நேரத்தில் "நான்" என்கிற நினைப்பு சின்னதாகிவிடுகிறது என்கின்றன. கவலை எல்லாம் அந்த "நான்" மேலேதானே ஏறி உட்கார்ந்திருக்கிறது!

நம்ம தொல்காப்பியர் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்: மருட்கை. எட்டு மெய்ப்பாடுகளில் அது ஒன்று. அது நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறார். ஒன்று புதுசாக இருப்பது, ஒன்று பெரிசாக இருப்பது, ஒன்று வேறொன்றாக மாறி நிற்பது. இந்த மூன்றும் நமக்குப் புரிகிறது. நான்காவதுதான் எங்களை யோசிக்க வைத்தது: சிறுமை. மிகச் சின்னதைப் பார்த்தாலும் அதே வியப்பு வரும். பத்துமலையிலேயே அதற்குச் சாட்சி உண்டு. கோயில் குகைக்குக் கீழே இருக்கும் இருட்டுக் குகையில் ஒரு சிலந்தி வாழ்கிறது. குழிக்கு மூடி செய்து, உள்ளே ஒளிந்திருந்து இரை பிடிக்கும். உலகத்தில் இன்றைக்கு இருக்கிற சிலந்திகளில் மிகப் பழமையான பரம்பரையைச் சேர்ந்தது அது. மேலே பத்து லட்சம் பேர் அரோகரா சொல்லிக்கொண்டு போகும்போது, கீழே அது தன் கதவை மூடிக்கொண்டு சும்மா இருக்கிறது.

பெரியவர்கள் இங்கே சொல்லும் இன்னொரு கதை நக்கீரருடையது. இது திருப்பரங்குன்றத்துக் கதை, பத்துமலையில் நடந்ததல்ல. ஆனால் குகைக் கதை. நக்கீரர் குளக்கரையில் சிவபூஜையில் இருக்கிறார். மரத்திலிருந்து ஓர் இலை விழுகிறது. பாதி தண்ணீரில், பாதி கரையில். தண்ணீரில் விழுந்தது மீனாகிறது, கரையில் விழுந்தது பறவையாகிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. நக்கீரர் அதைப் பார்த்துவிட்டார். பூஜையிலிருந்து மனம் நழுவியது. அந்த நேரத்துக்காகவே காத்திருந்த பூதம் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் குகையில் அடைத்துவிட்டது. அங்கே ஏற்கெனவே 999 பேர். எல்லாரும் இப்படிக் கவனம் தவறியவர்கள்தான். நக்கீரர் உள்ளே இருந்தபடியே திருமுருகாற்றுப்படையைப் பாட, முருகனின் வேல் வந்து மலையைப் பிளந்தது. ஆயிரம் பேரும் வெளியே வந்தார்கள்.

இன்றைக்கு நம் கையில் இருக்கிற கைப்பேசி அந்த இலைதான். குகைக்குள் வந்ததும் முதல் வேலையாகச் செல்ஃபி எடுக்கிறோம். குறை சொல்லவில்லை, எங்கள் குழுப் படங்களும் இதே பக்கத்தில் நிறைய இருக்கின்றன!

அந்த அம்மா சொன்னதற்கப்புறம் நாங்கள் ஒன்று செய்து பார்த்தோம். ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் வருமுன், ஏழெட்டுப் பேராக ஏறினோம். பேச்சு இல்லை. கால் படியில் படுவதையும் மூச்சு போய் வருவதையும் மட்டும் கவனித்துக்கொண்டு ஏற வேண்டும் என்று பேசி வைத்தோம். முதல் 50 படி வரைக்கும் மனசு வீட்டுக் கடனிலும் ஆபீஸ் சண்டையிலும்தான் சுற்றியது. பாதிக்கு மேல் மூச்சு வாங்கியதில் மற்றது எல்லாம் தானாக விட்டுப்போனது. குகைக்குள் நுழைந்ததும் அந்தக் குளிர்ச்சி முகத்தில் பட்டது. கூரையிலிருந்து எங்கேயோ ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டது. இருபது வருஷமாக இங்கே தொண்டு செய்கிறவர் எங்களில் உண்டு. அந்தச் சொட்டுச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டதாகச் சொன்னார்.

கூடவே பின் பக்கத்துப் படிகளும் ஏறி, வானம் திறந்திருக்கும் அந்த இடத்தில், வள்ளி தெய்வானை சமேதராக முருகன் இருக்கும் சன்னதிப் பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். ஒருவர் அழுதார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்காமல் நாட்கள் போகிறது என்றால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். கூட ஆள் வேண்டும் என்றால் நாங்கள் வருகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அடுத்த தைப்பூசத்தில் பாறைச் சுவர் ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார நினைப்பவர்களுக்கு இடம் விட முடியுமா என்று எங்களுக்குள் இன்னும் விவாதம் ஓடுகிறது. நெரிசலில் ஆள் உட்கார்ந்தால் ஆபத்து என்கிறார்கள் சிலர். அதுவும் நியாயம்தான். அன்றைக்கு அந்த அம்மாவின் பக்கத்தில் நின்ற பையன் மட்டும், "நான் நின்னு பார்த்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். முடிவானதும் இங்கே தெரிவிக்கிறோம்.

அதுவரைக்கும், வரும் மாதம் முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு, படியடியில் முருகன் சிலைக்குக் கீழே நிற்போம். மைக் கிடையாது, சொற்பொழிவு கிடையாது, படம் எடுப்பதும் கிடையாது. முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே உட்கார்ந்து கொள்ளலாம், துணைக்கு ஆள் இருக்கும். தண்ணீர்ப் போத்தல் ஒன்று கொண்டு வாருங்கள். குரங்குகள் இருக்கின்றன, அதனால் சாப்பாட்டுப் பொட்டலம் வேண்டாம். இறங்கி வந்து எல்லாரும் சேர்ந்து பசியாறிக்கலாம்.

வேலும் மயிலும் துணை.