குற்றாலத்துக் கிராம்பு வந்த வழி

சீசன் நேரத்தில் குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும்; பக்கத்திலேயே கிராம்பும் ஜாதிக்காயும் பொட்டலம் பொட்டலமாக இருக்கும். எல்லாம் ஆதியிலிருந்தே திரிகூட மலையில் விளைந்த சரக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மிளகுக்கும் ஏலத்துக்கும் அது பொருந்தும். கிராம்பு மரம் சிற்றாற்றங்கரைக்கு வந்து இருநூறு வருஷம் சொச்சம்தான் ஆகிறது. அதை வரவழைத்ததில் டச்சுக்காரர்மேல் ஆங்கிலேயருக்கு இருந்த வியாபாரப் பகைக்கே பெரிய பங்கு என்பது என் கணிப்பு.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி அம்போன் பக்கம் மட்டும் கிராம்பு மரங்களை விட்டுவைத்து, மற்ற தீவுகளில் வெட்டிச் சாய்த்தது. பண்டாத் தீவுகளின் ஜாதிக்காய் வேறெங்கும் முளைத்துவிடாதபடி சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பியது. 1796இல் ஆங்கிலேயர் இந்தத் தீவுகளைப் பிடித்தார்கள். ஆனால் சமாதானம் வந்தால் திருப்பிக் கொடுக்க நேரும். 1802 உடன்படிக்கையில் அப்படித்தான் ஆயிற்று. அதற்குள் கன்றுகள் தங்கள் எல்லைக்குள் வேர் பிடித்தாக வேண்டும். நெல்லைச் சீமையில் பாளையக்காரர் போர் நடந்துகொண்டிருந்த 1800 வாக்கில் ஆங்கிலேயக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டதற்கு, இந்த அவசரத்தைத் தவிர வேறு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

சித்த மருத்துவத்தில் கிராம்பு நெடுங்காலமாக இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, கடல் வழி வந்த சரக்காக. கடையில் கிடைக்கும் கிராம்பு விரியாத பூமொட்டு. பறித்து வெயிலில் காய வைத்தது. அதை எத்தனை நூற்றாண்டு இறக்குமதி செய்தாலும் ஒரு மரம் முளைக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டு ஜாதிக்காய் உண்டு என்பதும் உண்மையே. ஆனால் அது வேறு இனம், மணமும் குறைவு. இன்னொரு மறுப்பு வலுவானது: மண்ணும் மழையும் ஒத்துவராமல் பகையை வைத்து மட்டும் மரம் வளர்க்க முடியுமா? முடியாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் சாரல், பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை. இப்படி இரண்டு பருவமழையும் எட்டுகிற அடிவாரம் கம்பெனி வசம் அதிகமில்லை. இடத்தை முடிவு செய்தது மழை. காலத்தை முடிவு செய்தது பகை.

கம்பெனியின் கணக்கு பெரிதாகப் பலிக்கவில்லை. 1770 வாக்கிலேயே பிரெஞ்சுக்காரர் மொரீஷியஸுக்குக் கன்றுகளைக் கடத்திப் போயிருந்தார்கள். பின்னால் சான்சிபார் உலகச் சந்தையையே நிரப்பியது. குற்றாலத்து மரங்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. அந்த அனுபவத்தை வைத்து 1850க்குப் பிறகு நாகர்கோவில் பக்கத்து மலைகளில் கிராம்பு பரவியது. 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் கன்னியாகுமரிக் கிராம்புக்குத்தான்.