பெண்கள் கட்சி: திருவையாற்றில் நாகரத்தினம்மாள் சேர்த்த குழு



இந்த மலரில் நம் குழுக்கள் வளர்ந்த கதையைப் பலர் எழுதியிருப்பீர்கள். நான் நமக்கு முன்னாடி இருந்த ஒரு பெண்கள் குழுவைப் பற்றி எழுதுகிறேன். நம் சுய உதவிக்குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது 1989-ல், தருமபுரி மாவட்டத்தில் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு 62 வருடம் முன்னால், 1927-லேயே, திருவையாற்றில் பெண்களாகச் சேர்ந்து ஒரு அமைப்பு நடத்தினார்கள். அவர்கள் சேர்ந்தது சேமிப்புக்கோ கடனுக்கோ இல்லை, பாட்டுக்காக. கூலி, சம்பளம் எதுவும் கிடையாது. அந்தக் குழுவுக்கு 'பெண்கள் கட்சி' என்று பெயர். கட்சி என்றதும் ஓட்டுக் கட்சி என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் அணி, கோஷ்டி என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

திருவையாறு தஞ்சாவூருக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் இருக்கிற சின்ன ஊர். தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்த ஊர். அவர் 1767-ல் பிறந்து 1847-ல் மறைந்தார். வீடு வீடாகப் பாடிக்கொண்டே போய், கிடைக்கிற அரிசியில் சாப்பிட்டு வாழ்ந்தவர். ராமர் மேல் தெலுங்கில் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் பாடினார். கடைசியில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் அவரை எரிக்கவில்லை, ஆற்றங்கரையில் சமாதி வைத்தார்கள். சீடர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களால் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. சமாதியைக் கவனிக்கத்தான் ஆள் இல்லாமல் போனது. செடி கொடி மண்டி அந்த இடமே பாழாகிவிட்டது.

1903-ல் அவருடைய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் இரண்டு பேரும் வயதான காலத்தில் வந்து இடத்தைச் சுத்தம் செய்து சமாதியைப் புதுப்பித்தார்கள். அதற்குப் பிறகு திருவையாற்றுக்குப் பக்கத்து ஊரான தில்லைஸ்தானத்தில் இருந்த நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் முன்நின்று, வருடா வருடம் அவர் மறைந்த திதியில் ஆராதனை நடத்தினார்கள். பெரும்பாலும் ஜனவரியில் வரும் திதி அது. பாடுகிறவர்களை அழைக்கணும், வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடணும், அதற்குப் பணம் திரட்டணும். இதையெல்லாம் யாரும் சம்பளத்துக்குச் செய்யவில்லை, பக்தியில் செய்தார்கள்.

ஆனால் எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் வருகிற பிரச்சினை அங்கேயும் வந்தது. மனஸ்தாபம் வந்து இரண்டாகப் பிரிந்தார்கள். ஒன்று பெரிய கட்சி, இன்னொன்று சின்ன கட்சி. பெரிய கட்சியில் சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் இருந்தார்கள். சின்ன கட்சியில் பஞ்சு பாகவதரோடு மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை என்ற பெரிய பிடில் வித்வான் இருந்தார். ஒரே சுவாமிகளுக்கு, ஒரே ஊரில், இரண்டு விழா.

இந்த இரண்டு கட்சிக்கும் பல விஷயத்தில் ஒத்துப்போகாது. ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து: பெண்கள் அங்கே பாடக் கூடாது.

அந்தக் காலத்தில் மேடையேறிப் பாடின பெண்கள் பெரும்பாலும் தேவதாசி குலத்தில் பிறந்தவர்கள். கோயிலுக்கு என்று பொட்டுக் கட்டி விடப்பட்ட குலம். பாட்டும் நாட்டியமும் அவர்கள் வீட்டில் அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்து வந்த சொத்து. அவர்கள் பாட்டைக் காசு கொடுத்துக் கேட்பார்கள். ஆனால் சபையில் சமமாக உட்கார வைக்க மாட்டார்கள்.

அப்படிப் பிறந்தவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-ல் மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் பெயர் புட்டலட்சுமி. சம்ஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் படித்தார். சென்னைக்கு வந்து பெரிய பாடகி ஆனார். ஊர் ஊராகக் கச்சேரி. சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர்களில் இவரும் ஒருவர் என்றால், எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பாருங்கள்.

பாடுவதோடு நிற்கவில்லை. தஞ்சாவூர் மராட்டிய ராஜா காலத்தில் முத்துப்பழனி என்று ஒரு பெண் புலவர் இருந்தார். தெலுங்கில் 'ராதிகா சாந்துவனம்' என்று ஒரு காவியம் எழுதினார். பிறகு வந்தவர்கள் அந்தப் புத்தகத்தில் சில பாட்டுகளை வெட்டிவிட்டு அச்சடித்திருந்தார்கள். நாகரத்தினம்மாள் மூலச் சுவடியைத் தேடி எடுத்து 1910-ல் முழுசாக அச்சிட்டார். ஆபாசம் என்று சொல்லி வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது. ஆம்பளைங்க இதே மாதிரி எழுதினதை எல்லாரும் படிக்கிறீங்க, ஒரு பெண் எழுதினால் மட்டும் தப்பா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தத் தடை 1947-ல்தான் நீங்கியது.

இப்படிப்பட்டவருக்கு 1921-ல் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மைசூர் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா. இரண்டு கட்சியும் விழா நடத்திக்கொண்டுதான் இருந்தன. ஆனால் விழா முடிந்தால் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், சமாதியைப் பார்க்க நாதியில்லை. அது மறுபடி பழுதாகிக் கிடக்கிறது என்று கடிதத்தில் இருந்தது. அப்போது அந்தம்மாவுக்கு நாற்பது தாண்டிய வயசு. கிளம்பி வந்து பார்த்தார். அந்த நிலத்தைத் தன் பணத்தில் வாங்கினார். சொத்தையும் நகையையும் விற்று, தியாகராஜருக்குக் கோயிலும் மண்டபமும் கட்டினார். 1926-ல் கும்பாபிஷேகம் நடந்தது. இன்றைக்குத் திருவையாற்றில் நாம் பார்க்கிற சந்நிதி அப்படி வந்ததுதான். ஒரு பெண் பாடிச் சம்பாதித்த காசு அது.

கோயில் கட்டியாச்சு. அந்தக் கோயிலில், சுவாமிகள் முன்னால், ஆராதனை அன்றைக்கு அவர் பாடலாமா? பாடக் கூடாது என்றார்கள். இரண்டு கட்சியும் விடவில்லை.

நாம் எல்லாரும் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கணும். பணம் கொடுத்தால் இடம் தானாகக் கிடைக்கும் என்று நினைக்கிறோம். அப்படிக் கிடைப்பதில்லை. ஊர்த் திருவிழாவுக்குக் குழுப் பணம் போகும், பெண்கள் போய்ச் சமைப்போம், கோலம் போடுவோம், பாத்திரம் கழுவுவோம். நோட்டீஸில் பெயர் போடுகிறபோது மட்டும் நம் பெயர் இருக்காது. கேட்டால், பெண்களுக்கு எதுக்கு இதெல்லாம் என்பார்கள். பல ஊரில் இது நடக்கிறதுதான். நாகரத்தினம்மாளுக்கு நடந்ததும் இதேதான்.

அவர் என்ன செய்தார்? என் கோயில், யாரும் உள்ளே வராதே என்று பூட்டவில்லை. அழுதுகொண்டு சென்னைக்கும் போகவில்லை. 1927-ல் தன்னைப் போன்ற பாடகிகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களையே ஒரு கட்சியாக ஆக்கினார். முன்னால் ஆண்கள் விழா நடக்கட்டும், நாங்கள் பின்பக்கம் நடத்துகிறோம் என்று சந்நிதிக்குப் பின்னால் பெண்கள் பாடினார்கள். கதாகாலட்சேபம் செய்தார்கள். இரண்டு கட்சி இருந்த ஊரில் மூன்றாவது கட்சி வந்தது. ஒரு நாள் கோபத்தில் செய்த காரியம் இல்லை இது. வருடா வருடம் நடத்தினார்கள். அந்தம்மா திருவையாற்றிலேயே குடியிருந்து சந்நிதியைப் பார்த்துக்கொண்டார்.

தனியாக ஒரு பெண் கேட்டபோது, 'உனக்கென்ன உரிமை' என்று சொல்ல முடிந்தது. ஒரு குழுவாக உட்கார்ந்து பாடினபோது அப்படித் தள்ள முடியவில்லை. நாம் பேங்குக்குத் தனியாகப் போய்க் கடன் கேட்டதற்கும், குழுவாகப் போய்க் கேட்டதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். அதே கணக்குதான்.

பதின்மூன்று வருடம் போனது. 1940-ல் எஸ்.ஒய். கிருஷ்ணசாமி என்ற ஐசிஎஸ் அதிகாரியும், முசிரி சுப்பிரமணிய அய்யர் போன்ற வித்வான்களும் முயற்சி எடுத்து எல்லாக் கட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரே சபை, ஒரே விழா என்று ஆனது. அதுதான் இப்போது இருக்கிற ஸ்ரீ தியாகப்பிரம்ம மகோத்சவ சபை. பெரிய கட்சி, சின்ன கட்சியோடு பெண்கள் கட்சியும் சேர்ந்துதான் ஒன்றானது. அதற்குப் பிறகு பெண்களும் சந்நிதி முன்னால் பாடினார்கள்.

ஒன்று சேர்ந்ததும் அடுத்த சிக்கல். அன்றைக்கு அஞ்சலி செலுத்த எல்லாருக்கும் ஆசை. யார் முதலில் பாடுவது, யார் பின்னால் பாடுவது? அதற்கு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் தியாகராஜர் பாடிய பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து ஒரே குரலாகப் பாடுவது என்று வைத்தார்கள். பெரிய வித்வானும் நேற்றுக் கற்றுக்கொண்ட பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடலாம். ஆணும் பெண்ணும் பாடலாம். முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டைக்கே இடமில்லை. இன்றைக்கு ஆராதனை நாளில் டிவியில், ரேடியோவில் நாம் கேட்கிறோமே, அது ஒரு பஞ்சாயத்தில் பிறந்த வழக்கம். இன்றைக்கும் அங்கே பாட வருகிற கலைஞர்கள் பணம் வாங்குவதில்லை.

கூட்டமைப்பு என்பதும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் அவரவர் குழு உறுதியாக நிற்கணும். பிறகு சேரணும். பெண்கள் கட்சி என்று ஒன்று நிற்காமல், 1926-லேயே ஏதோ ஒரு மூலையில் இடம் கொடுத்திருந்தால் அவர்கள் ஒண்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். தங்களுக்கென்று ஒரு கட்சி இருந்ததால், சேருகிற நேரத்தில் பேசுவதற்கு அவர்களுக்கு ஒரு பலம் இருந்தது.

அந்தம்மா செய்த கடைசிக் காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. எல்லாம் சுமுகமாக ஆன பிறகும், 1949-ல் உயில் எழுதினார். தன் சொத்தை அந்தச் சமாதிப் பணிக்கே ஒரு டிரஸ்ட்டாக எழுதி வைத்தார். அதில் பெண்களுக்கும் அங்கே பாடி வழிபடும் உரிமை இருக்கணும் என்று நிபந்தனை போட்டார். இப்போதுதான் விடுகிறார்களே, எதுக்கு எழுதணும் என்று இருந்துவிடவில்லை. வாயால் கொடுத்ததை வாயாலேயே இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதி வைத்ததை அப்படிச் சொல்ல முடியாது. நம் தீர்மான நோட்டில், 'பேசினோம், எல்லாருக்கும் தெரியும்' என்று விட்டுவிட்ட விஷயம்தானே அடுத்த வருடம் சண்டையாக வருகிறது? அப்போதைக்கப்போதே எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் சண்டைக்கு வேலை இல்லை.

நாகரத்தினம்மாள் 1952 மே மாதம் காலமானார். தியாகராஜர் சந்நிதிக்கு எதிரிலேயே அவருக்கும் நினைவிடம் கட்டி, அவர் கைகூப்பி உட்கார்ந்திருப்பது போலச் சிலை வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் பாடினவருக்கு இப்போது நேர் எதிரில் இடம். திருவையாறு போகிறவர்கள் சுவாமிகளைக் கும்பிட்டுவிட்டு அப்படியே வந்துவிடாதீர்கள். திரும்பி அந்தம்மாவையும் பாருங்கள்.

ஒரு வருத்தம் எனக்கு உண்டு. நாகரத்தினம்மாள் பெயர் நின்றுவிட்டது. அவர் கூப்பிட்டதும் வந்து, வெயிலிலும் பனியிலும் பின்பக்கம் உட்கார்ந்து பாடின மற்றப் பெண்கள்? ஊரில் கேட்டால் தலைவி பெயரைச் சொல்வார்கள். கூட நின்றவர்கள் பெயரைச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். அவர்கள் வராமல் இருந்திருந்தால் கட்சி ஏது? ஒரே ஒரு பாட்டுக்கார அம்மாவின் புலம்பல் என்று ஊர் அதை மறந்திருக்கும்.

அதனால் மலர்க் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலரில் ஊக்குநர், பிரதிநிதி, கூட்டமைப்பு நிர்வாகிகள் பெயரும் போட்டோவும் கட்டாயம் வரணும். அதோடு ஒவ்வொரு குழுவிலும் உள்ள உறுப்பினர் எல்லார் பெயரையும், இறந்துபோன, ஊர் மாறிப்போன ஆரம்பகால உறுப்பினர்கள் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பக்கம் கூடும், அச்சுச் செலவு கொஞ்சம் கூடும். அது பரவாயில்லை. நம் பேத்திகள் இதைப் புரட்டிப் பார்க்கும்போது, அவர்கள் பாட்டி பெயர் அதில் இருக்கட்டும்.