அரையணாவில் எழுந்த ஏரிக்கரை

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த மாமாவை மினி பஸ்ஸில் அழைத்துப் போனேன். கண்டக்டர் "சி.ஐ.டி. ரோடு, சி.ஐ.டி. ரோடு" என்று கூவினார். "ஏண்டா, இந்த ஊர்ல துப்பறியும் போலீஸுக்குத் தனி ரோடா?" என்றார் மாமா. இத்தனைக்கும் அவர் முப்பது வருஷமாகக் குடியிருப்பது சி.ஐ.டி. நகரில். அந்த மூன்று எழுத்து அங்கே சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் ட்ரஸ்ட், இங்கே கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் ட்ரஸ்ட். போலீஸுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது லேக் மார்க்கெட் பக்கம். கொல்லையில் கறிவேப்பிலைக் கன்று வைக்க அப்பா குழி வெட்டியபோது, ஒரு கை ஆழம் மட்டும்தான் நல்ல மண் வந்தது. அதற்குக் கீழே கருப்புக் களி, அழுகிய கோரைப்புல் நாற்றம். "மேல இருக்கிறது ஏரியிலிருந்து வந்த மண்ணுடா, கீழ இருக்கிறதுதான் ஊரோட மண்ணு" என்றார் அப்பா. எங்கள் பேட்டையின் சரித்திரம் அந்தக் குழிக்குள்ளேயே இருந்தது.

1898-ல் கல்கத்தாவில் பிளேக் வந்தது. நெருக்கடியான சந்துகளை இடித்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பி, 1911-ல் சட்டமாகி, 1912-ல் ட்ரஸ்ட் வேலையைத் தொடங்கியது. முதல் தலைவர் பாம்பஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. பம்பாயில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். மாநகராட்சி தன் பங்கைக் கொடுத்தது, சர்க்கார் கொஞ்சம் கொடுத்தது. நகரத்தில் சொத்து கைமாறினால் முத்திரைக் கட்டணத்தோடு கூடுதலாக நூற்றுக்கு 2 ரூபாய். கப்பலேறும் கச்சாச் சணல் பொதிக்கு 2 அணா. ரயிலிலும் ஸ்டீமரிலும் வெளியூரிலிருந்து வந்துபோகும் பயணிக்கு அரையணா. கிழக்கு வங்காளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சணல் அறுத்தவன் கல்கத்தாவின் அகலத் தெருக்களைப் பார்த்திருக்கவே மாட்டான். 1936-ல் தகரப் பெட்டியோடு மெட்ராஸ் மெயிலில் வந்து இறங்கிய என் தாத்தாவின் அரையணாவும் அதில் எங்கோ சேர்ந்திருக்கும்.

இன்னொரு வழி, சாலைக்குத் தேவையானதைவிட அதிக நிலத்தைக் கையகப்படுத்துவது. சாலை போட்டதும் ஓரத்து மனைக்கு விலை ஏறும்; அதை விற்றுச் செலவை ஈடுகட்டுவது. சென்ட்ரல் அவென்யூ, அதாவது இன்றைய சித்தரஞ்சன் அவென்யூ, இப்படித்தான் நகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. நிலத்துக்காரருக்கு நஷ்டஈடு கிடைத்தது. குடக்கூலிக்கு இருந்தவனுக்கு என்ன கிடைத்தது? ட்ரஸ்டின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட்ஸே, துண்டுதுண்டாகச் சாலை போட்டால் போதாது, ஊர் முழுமைக்கும் திட்டம் வேண்டும் என்று 1914-ல் பெரிய அறிக்கை எழுதினார். நெரிசலான வணிகப் பேட்டையான படா பஜாரைப் பற்றி 1919-ல் எழுதிய நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ், கண்மூடி இடிக்காதீர்கள் என்றார். இரண்டு பேரையும் பாராட்டினார்களே தவிர, அவர்கள் சொன்னபடி நடக்கவில்லை என்பது என் எண்ணம்.

தெற்கே வேறு கதை. 1920-களில் டாக்குரியாவின் சதுப்பில் சுமார் 190 ஏக்கரை வாங்கி ஏரி வெட்டினார்கள். எடுத்த மண்ணைக் கொட்டிச் சுற்றிலும் தாழ்ந்த நிலத்தை உயர்த்தி மனை போட்டார்கள். ஏரிக்கு நடுவில் இருந்த பழைய மசூதியை இடிக்காமல் தீவாக விட்டு, தொங்கு பாலம் போட்டார்கள். அதில் நடந்தால் கால் லேசாக ஆடும். சின்ன வயதில் அதற்காகவே போவோம். 1958-ல் ஏரிக்கு ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டில் இன்றுவரை அது 'லேக்'தான்.

உயர்த்திய அந்த மனைகளில் வங்காளி டாக்டர்களும் வக்கீல்களும் வீடு கட்டினார்கள். மாடியில் அவர்கள், கீழே வாடகைக்கு நாங்கள், மதராஸி குமாஸ்தாக்கள். ஃபில்டர் காப்பியும் வாழையிலையும் ராஷ்பிகாரி அவென்யூவுக்கு வந்தது அப்படித்தான்.

சென்னை ட்ரஸ்ட் 1961-ல் வீட்டுவசதி வாரியத்துக்குள் போனது. கல்கத்தா ட்ரஸ்டை 2017-ல் பெருநகர வளர்ச்சி ஆணையமான கே.எம்.டி.ஏ.வோடு இணைத்துவிட்டார்கள். சாலைக்கும் வேறு பெயர் வைத்தாயிற்று. கண்டக்டர் மட்டும் இன்னும் "சி.ஐ.டி. ரோடு" என்றுதான் கூவுகிறார்.