யார் முடிவெடுப்பது?

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு மருந்துகளின் வரலாறு மட்டுமல்ல. யார் முடிவெடுப்பது என்பதன் வரலாறும்கூட.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஹால்ஸ்டட் முறையே விதி: மார்பகத்தோடு நெஞ்சுத் தசையும் அக்குள் நிணநீர்க் கணுக்களும் வெட்டி எடுக்கப்படும். அமெரிக்காவில் திசுச் சோதனையையும் அகற்றுவதையும் ஒரே மயக்கத்தில் செய்தார்கள். கண் விழித்த பிறகுதான் மார்பு இருக்கிறதா, இல்லையா என்பதே அவளுக்குத் தெரியும். 1974இல் தன் மார்பில் கட்டியைக் கண்ட பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர், சோதனை மட்டும் போதும், முடிவு என்னுடையது என்றார். இரண்டையும் பிரித்துச் செய்யும்படி 1979இல் அந்நாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர்வாழும் வாய்ப்பு குறைவதில்லை என்று 1985இல் பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வு காட்டியது.

சென்னையில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. சிகிச்சை கிடைத்தது. தேர்வு?

திருவொற்றியூரில் வாழும் என் அம்மாவுக்கு இரண்டு வழிகள் சொல்லப்பட்டன. மார்பகம் முழுவதையும் அகற்றுவது. அல்லது கட்டியை மட்டும் எடுத்து, 25 நாள் கதிர்வீச்சு. மருத்துவர் தம்பியைப் பார்த்தே பேசினார். "அம்மாகிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

அம்மா உடனே, "முழுசா எடுத்துடட்டும்" என்றாள்.

"நோய்க்காகவா, பஸ்ஸுக்காகவா?"

"ரெண்டுக்கும்தான்டி."

கதிர்வீச்சு நகரத்தின் மறுமுனையில். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளைத் தாண்டி, தினமும் போய்வர வேண்டும். அந்தச் சாலையும் அவளுக்காக முடிவெடுத்துக்கொண்டிருந்தது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்தேன், கல்லூரியில் விடுப்புக்கு எழுதினேன். பிறகு மறுபடி கேட்டேன். இரண்டு நாள் யோசித்தாள்.

"பஸ்ஸ விடு. எடுத்துட்டா எனக்கு நிம்மதி."

சொல் மாறவில்லை, காரணம் மாறியது. அந்த வேறுபாடு முக்கியம். பணமும் தூரமும் துணைக்கு ஆளின்மையும் நெருக்கும்போது, ஒரு பெண் சொல்லும் 'சரி'யைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம். முடிவெடுக்கும் உரிமை என்பது படிவத்தில் கையெழுத்திடுவது மட்டுமல்ல; இரண்டு வழிகளும் அவளால் நடக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். மகள் ஒருத்தி விடுப்பெடுத்து ஈடுகட்டியதை அரசு செய்ய வேண்டும்: வடசென்னைப் பெண்களுக்கு எட்டும் தூரத்தில் கதிர்வீச்சு, தொலைவிலிருந்து வருபவருக்குத் தங்குமிடம், கூலி இழப்புக்கு ஈடு.

படிவத்தில் அம்மா தமிழில் கையெழுத்திட்டாள், முழுப் பெயரும்.